தூண்டில் பக்கம்: அப்பா இருந்த ஏரியில் ஒரு பனிக்கால ட்ரவுட்

இந்த மாதக் கடிதங்களில் பல, மறைந்த ஒருவரின் நினைவாகத் தூண்டில் போடப் போகிறவர்களுடையவை. கனடாவில் இருந்த அப்பா, அண்ணா, சித்தப்பா என்று எத்தனையோ பேர் பனிக்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் இருந்து ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடித்திருக்கிறார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஒரு நாளாவது இருந்துவிட்டு வர வேண்டும் என்று கொழும்பில் இருக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். அது செய்யக்கூடிய காரியம், செய்ய வேண்டியதும்கூட. முப்பது பாகை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு ஐஸ் பழக்கமில்லாதது என்பதால் சில விடைகளை விரித்தே எழுதுகிறோம்.

கேள்வி: அப்பா ரொறன்ரோவில் இருந்தபோது ஒவ்வொரு பெப்ரவரியிலும் நண்பர்களோடு ஏரிக்குப் போய் ட்ரவுட் பிடிப்பார். போன வருடம் காலமாகிவிட்டார். வருகிற பெப்ரவரியில் நானும் தங்கச்சியும் போய் அவர் செய்தது போலவே ஒரு நாள் செய்ய விரும்புகிறோம். நாங்கள் ஐஸைக் கண்ணால் கண்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– கொட்டாஞ்சேனை வாசகர்

அப்பாவோடு போய்வந்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். எந்த ஏரி, எந்த ட்ரவுட் என்ற இரண்டையும் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தது. அரசு குஞ்சு விட்டு வளர்க்கும் சிறிய ஏரிகளில் ரெயின்போ ட்ரவுட் இருக்கும். அது கரைக்குக் கிட்ட, 1 முதல் 4 மீற்றர் ஆழத்தில் சுற்றும், சில வேளை ஐஸுக்கு ஒரு முழம் கீழேகூட வரும். லேக் ட்ரவுட் அப்படியல்ல. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் உள்ள சிம்கோ போன்ற பெரிய ஏரிகளில், 15 முதல் 30 மீற்றர் ஆழத்தில் தேட வேண்டும். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். ஆகவே பனிக்காலத்தில் ஏரியின் அடி 4 பாகையிலும் ஐஸுக்கு நேர் கீழே உள்ள நீர் 0 பாகையிலும் நிற்கும். ட்ரவுட்டுக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும். கோடையில் ஆழத்துக்கு ஒதுங்குகிற மீன் பனிக்காலத்தில் மேலேயும் வருவது அதனால்தான்.

அடுத்தது அனுமதிப்பத்திரம். இலங்கையிலிருந்து போகிற 18 வயதோ அதற்கு மேலோ ஆன எவருக்கும், ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் மீன்பிடி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரு நாள்தான் என்றால் ஒருநாள் பத்திரம் போதும், அதற்கு ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ என்ற மாகாண மீன்பிடி, வேட்டை அட்டை எடுக்கத் தேவையில்லை. பெப்ரவரி மூன்றாம் திங்கள் அங்கே ‘ஃபமிலி டே’. அந்த வார இறுதியில் பத்திரம் இல்லாமல் பிடிக்கலாம் என்று உறவினர்கள் சொல்வார்கள். அது கனடாவில் வதிகிறவர்களுக்கான சலுகை, உங்களுக்குப் பொருந்தாது. எந்த ஏரியில் எந்த மீனுக்கு எப்போது தடை, ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்பவை வலயத்துக்கு வலயம் மாறும். அந்த வருடத்து ஒழுங்குவிதிச் சுருக்கத்தில் ஏரியின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இனி ஐஸ். இதில் மட்டும் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கண்ணாடி போலத் தெளிந்த, நீலச் சாயலுள்ள புது ஐஸ் 10 சென்ரிமீற்றர் தடிப்பு இருந்தால் ஆட்கள் நடக்கலாம். வெள்ளையாக, பால் கலந்தது போலத் தெரிகிற ஐஸுக்குப் பலம் பாதிதான், அதனால் தடிப்பு இருமடங்கு வேண்டும். சாம்பல் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது, கால் வைக்கவே கூடாது. ஒரே ஏரியில் ஓரிடத்தில் 30 சென்ரிமீற்றரும் ஐம்பது அடி தள்ளி 8 சென்ரிமீற்றரும் இருக்கும். ஆறு வந்து விழும் வாய், பாலத்தின் அடி, படகுத்துறைத் தூண்கள், நாணல் நிற்கும் இடம், நீளமாக வெடித்துக் கிடக்கும் கோடு எல்லாம் மெல்லிய இடங்கள். பனி மூடிய இடம் உறுதியாகத் தெரிந்தாலும், பனி ஒரு போர்வை மாதிரிக் குளிரைத் தடுப்பதால் அதற்குக் கீழே ஐஸ் தடிப்பது குறையும்.

முன்னால் போகிறவர் கையில் அலவாங்கு இருக்க வேண்டும். அடி வைக்கப் போகும் இடத்தில் இரண்டு குத்து குத்திப் பார்க்க வேண்டும். நல்ல ஐஸ் ‘ணங்’ என்று ஒலிக்கும், நீர் மேலே வந்தால் வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். முப்பது மீற்றருக்கு ஒரு தரம் துளையிட்டுத் தடிப்பைப் பார்ப்பது நல்லது. ஒவ்வொருவர் கழுத்திலும் ஐஸ் குத்தி ஒரு சோடி தொங்க வேண்டும். இரண்டு சிறு கைப்பிடிகளில் கூர் ஆணி பொருத்தியது அது, தூண்டில் கடைகளில் விற்கிறது. விழுந்துவிட்டால் முதல் 1 நிமிடம் மூச்சிரைப்பை அடக்குவதற்கு, அடுத்த 10 நிமிடம் கைகால் சொல்வழி கேட்கும், அதன்பின் உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் ஆகும். ஆகவே விழுந்ததும் கத்தி நீந்திக் களைக்காமல், வந்த திசைக்குத் திரும்பி, குத்திகளை ஐஸில் பதித்து, காலை உதைத்து வயிற்றால் மேலே வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. உருண்டு விலக வேண்டும்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். கொழும்பில் அது வியர்வையை உறிஞ்சி உதவும், அங்கே அதே குணம் உடலைக் குளிர வைக்கும். தோலோடு கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் காற்றுப் புகாத மேலங்கி. இரண்டு சோடி தடித்த காலுறையைத் திணித்துச் சப்பாத்தை இறுக்கினால் இரத்தோட்டம் குறைந்து விரல் இன்னும் கெதியாகக் குளிரும். சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும்.

ரெயின்போவுக்கு 60 முதல் 75 சென்ரிமீற்றர் நீளமுள்ள குட்டித் தடி, 4 முதல் 6 இறாத்தல் அறுபலமுள்ள புளோரோகாபன் நூல், 3 முதல் 5 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் பொய்யிரை), 15 சென்ரிமீற்றர் துளை போதும். லேக் ட்ரவுட்டுக்குத் தடி 90 சென்ரிமீற்றர், நூல் 8 முதல் 12 இறாத்தல், வெள்ளை நிறக் குழாய் வடிவப் பொய்யிரை 10 சென்ரிமீற்றர், துளை 20 சென்ரிமீற்றர். துளையிட்டதும் மிதக்கும் ஐஸ்தூளை ஓட்டையகப்பையால் வழித்தெடுங்கள். ஸ்பூனை அடிவரை விட்டு, ஒரு மீற்றர் மேலே தூக்கி நிறுத்துங்கள். பிறகு மணிக்கட்டால் ஒரு சாண் தூக்கி, தளர்ந்த நூலோடு விழ விட்டு, பத்து எண்ணும் வரை அசையாமல் பிடியுங்கள். மீன் பெரும்பாலும் விழும்போதோ அசையாத அந்தப் பத்து எண்ணிக்கையிலோதான் கடிக்கும். புதியவர்கள் தடியை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், மீன் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ‘வெடுக்’ என்று இழுப்பு வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நூல் திடீரென்று தளர்ந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் அது மீன்தான்.

மீன் தப்புவது அநேகமாகத் துளை வாயில். வெளிச்சத்தைக் கண்டதும் ட்ரவுட் தலையைத் திருப்பிக் கீழே பாயும், நூல் ஐஸ் விளிம்பில் உரசி அறும். அந்த நேரம் தடி நுனியைத் துளைக்குள் தாழ்த்தி ஓட விடுங்கள். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் இழுவிசையை நூலின் அறுபலத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வைக்க வேண்டாம். தடியின் வளையங்களில் நீர் உறைந்து அடைத்தால் நகத்தால் கிள்ளி உடைக்காமல் நுனியை ஏரி நீரில் அமிழ்த்துங்கள், சில விநாடியில் கரையும். தூண்டிலை விட்டுத் தூரம் போகவும் முடியாது. கண்ணுக்குத் தெரிய 60 மீற்றருக்குள் நிற்க வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம்.

அப்பா பாவித்த ஸ்பூன் ஒன்று கிடைத்தால் அதை முதலில் கட்டாதீர்கள். அதே நிறை, அதே நிறத்தில் புதிது வாங்கிப் பழகுங்கள். ஏரி அடிக் கட்டையில் சிக்கி அறுந்தால் புதிது போகட்டும். கை பழகி, நூலும் முடிச்சும் புதிதாகக் கட்டிய பிறகு, துளையின் அடி வெறும் மணல் என்று தெரிந்த இடத்தில் அப்பாவின் ஸ்பூனை இறக்குங்கள்.

கேள்வி: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பின்னிங் ரீலும் தடியும் அவர் போன பிறகு அலுமாரியில் பத்து வருடமாகக் கிடக்கின்றன. கைப்பிடி சுற்ற மாட்டேன் என்கிறது, அங்கங்கே வெள்ளைத்தூள் பூத்திருக்கிறது. மகன் அதை எடுத்துக்கொண்டு நோர்வேயில் ட்ரவுட் பிடிக்கப் போக ஆசைப்படுகிறான். திருத்த முடியுமா?
– வெள்ளவத்தை வாசகி

பெரும்பாலும் முடியும். கடற்கரையோர வீட்டில் உப்புக்காற்று பட்ட அலுமினியத்தில் அந்த வெள்ளைத்தூள் வரும், உலோகத்தை அரித்துக் குழி விழுத்தாதவரை ஆபத்தில்லை. சுற்றாமல் இருப்பதற்குக் காரணம் பழைய கிறீஸ் காய்ந்து பிசினாகிவிட்டது. பலத்தால் சுற்ற வேண்டாம். பல்சக்கரத்தில் ஒரு பல் போனால் பழைய ரீலுக்கு உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டி வரும்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். நூல் சுற்றும் உருளையைக் கழற்றும்போது அதன் அடியில் மெல்லிய வளையங்கள் ஒட்டிக்கொண்டு வரும். எத்தனை, எந்த வரிசை என்று குறிப்பதற்கு முன் அசைக்க வேண்டாம். நூலை உருளையில் சுற்றிவிடும் வளைகம்பியின் சுருள்வில்லைக் கழற்றும்போது கையால் மூடிக்கொள்ளுங்கள், துள்ளிப் பறந்தால் கிடைக்காது. உலோகப் பாகங்களை மட்டும் மண்ணெண்ணெயில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் தேய்க்கவும். பிளாஸ்டிக், இறப்பர், இழுவிசைக்கான கம்பளி வளையம் ஆகியவற்றில் மண்ணெண்ணெய் படக்கூடாது. அவற்றுக்குச் சவர்க்காரத் தண்ணீர். பிறகு விசிறிக்காற்றில் ஓரிரவு காயட்டும்.

மறுபடி பூட்டும்போது நம்மவர்கள் செய்யும் பிழை, கிறீஸை அள்ளி அப்புவது. கொழும்பில் அது ஓடும், உறைகுளிரில் மெழுகாகிக் கைப்பிடியைப் பிடித்துவிடும். பல்சக்கரத்துக்கு விரல் நுனியால் மெல்லிய பூச்சு, பெயரிங்குக்கு மெல்லிய இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். சரியாக வந்திருக்கிறதா என்று கொழும்பிலேயே சோதிக்க வழி இருக்கிறது. ரீலைக் காற்றுப் புகாத பையில் போட்டு, வீட்டு பிரிட்ஜின் ஃபிரீசரில் ஓரிரவு வையுங்கள். அங்கே ஏறத்தாழ −18 பாகை இருக்கும். காலையில் பைக்குள் இருக்கும்போதே கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். விரலால் தள்ளச் சுற்றினால் சரி. முழுக்கையால் சுற்ற வேண்டியிருந்தால் கிறீஸைத் துடைத்தெடுத்துவிட்டு எண்ணெய் மட்டும் விடுங்கள். பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழும்பு ஈரம் முழுவதும் அதற்குள் நீராக இறங்கும்.

பழைய தங்கூசியை இரக்கமில்லாமல் வெட்டியெறியுங்கள். பத்து வருடம் சுருளாகக் கிடந்த நைலோன் பார்வைக்கு நன்றாக இருக்கும், முடிச்சில் அறும். தடியின் வளையங்களுக்குள் பஞ்சை நுழைத்து இழுங்கள், இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது, புது நூலையும் அது வெட்டும். தடித் துண்டுகள் பொருந்தும் இடத்தில் மெழுகுதிரியை ஒரு தரம் தேய்த்தால் இறுகிக்கொள்ளாது.

தக்கைப் பிடியை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது போதும். அரத்தாளால் தேய்த்துப் புதுசாக்கும் எண்ணம் வந்தால் நிறுத்துங்கள். பெருவிரல் பட்ட இடத்தில் ஒரு பளபளப்பும், உள்ளங்கை பட்ட இடத்தில் கறுப்பும் இருக்கும். அது மாமாவின் கை. மகன் அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பிடிக்கட்டும்.

நீளத்தடி உறையாத ஆற்றங்கரைக்கு நல்லது. ஐஸ் துளைக்கு என்றால் ரீலை மட்டும் கழற்றி ஒரு குட்டித் தடியில் பூட்டலாம், தடியில் பொருத்தும் ரீலின் அடிப்பாகம் பொருந்தாவிட்டால் மின்நாடாவால் சுற்றிக் கட்டினால் ஒரு நாளைக்குத் தாங்கும். விமானத்தில் ரீலும் கொக்கிகளும் அனுப்பும் பெட்டிக்குள் போகட்டும். வேலை முடிந்து வைக்கும்போது இழுவிசைத் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்தால் கம்பளி வளையம் நசிந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் அண்ணா, அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு அவர் வழக்கமாக இருந்த இடத்தில் இரவு முழுவதும் ஐஸில் தனியாக இருக்கப் போவதாகச் சொல்கிறார். தடுப்பதா, விடுவதா?
– தெஹிவளை வாசகி

போகட்டும். தனியாக மட்டும் வேண்டாம், இரவும் வேண்டாம். துக்கத்தில் இருக்கிறவர் எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்ப மாட்டார், விரல் மரத்ததைக் கவனிக்க மாட்டார், ‘இன்னும் கொஞ்சம்’ என்று இருந்துவிடுவார். குளிரில் உடல் தளரத் தொடங்கும்போது யோசனையும் மழுங்கும், தனக்கு ஆபத்து என்பது அவருக்கே தெரியாமல் போகும். பக்கத்தில் இருப்பவர்தான் காண்பார்: பேச்சு குழறும், கையுறையைப் போட முடியாமல் தடுமாறும், நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி அல்ல, மிகக் கெட்ட அறிகுறி.

ட்ரவுட் கண்ணால் பார்த்து இரை தேடும் மீன். விடியலின் முதல் இரண்டு மணித்தியாலம்தான் நல்ல நேரம், நள்ளிரவில் காத்திருப்பதால் பெரிய பலன் இல்லை. அண்ணாவிடம் அதைச் சொல்லுங்கள், கேட்பார். விடியற்காலை இரண்டு பேராகப் போகட்டும். நண்பர் இருபது மீற்றர் தள்ளித் தன் துளையோடு இருக்கட்டும், அண்ணாவுக்கு அவருடைய தனிமை கிடைக்கும், கூப்பிட்டால் ஆளும் கிடைக்கும். எந்த ஏரி, எந்தக் கரையால் இறங்குகிறார்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவார்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு மேல் ஒரு மணித்தியாலம் கடந்தும் அழைப்பு வராவிட்டால் வீட்டிலிருப்பவர் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும்.

கூடாரம் போட்டு காஸ் ஹீற்றர் எரித்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு திறப்பு வேண்டும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, முதலில் தலையிடியும் தூக்கமும்தான் வரும். கவலையில் இருப்பவருக்கு இரண்டும் இயல்பாகவே தோன்றும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறார். அப்பா மீன் பிடித்த ஏரியை ஒரு தரம் பார்க்க வேண்டும், ஒரு தூண்டிலாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். கூட்டிப் போகலாமா?
– பம்பலப்பிட்டி வாசகர்

வைத்தியர் சரி என்றால், சூடாக்கிய வாடகைக் குடிலுக்கு, ஒரு மணித்தியாலத்துக்குக் கூட்டிப் போகலாம். பெரிய ஏரிகளில் குடிலும் துளையும் தயாராக வைத்து ஆட்களை வண்டியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்சுலின் ஒரு தரம் உறைந்தால் அதை எறிந்துவிட வேண்டும், உருகிய பிறகும் பாவிக்கக் கூடாது. ஊசிப்பேனாவும் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியும் அம்மாவின் உள்சட்டைப் பையில் உடல் சூட்டோடு இருக்கட்டும். கைப்பையிலோ காரிலோ வைத்தால் பேனா உறையும், கருவி குளிரில் வேலை செய்ய மறுக்கும். நடுங்கும்போது உடல் சர்க்கரையை எரிக்கும், ஆகவே புறப்பட முன் அளந்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பாருங்கள். சர்க்கரை இறங்கும் நடுக்கமும் குளிர் நடுக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சந்தேகம் என்றால் அளக்க வேண்டியதுதான். பையில் சீனி போட்ட தேத்தண்ணீர் பிளாஸ்க் ஒன்று இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் என்றால் சூடு தரும் பொட்டலத்தைத் தோலோடு வைக்கக் கூடாது, சுட்டதே தெரியாமல் புண்ணாகும். காலுக்குக் கீழே தடித்த ரெஜிபோம் பலகை ஒன்று போடுங்கள். தரையிலிருந்து ஏறும் குளிர்தான் பாதத்தைப் பிடிக்கும்.

மீன்பிடி அனுமதிப்பத்திரம் அம்மாவுக்கும் வேண்டும். 65 வயது கடந்தவர்களுக்கான விலக்கு கனடாவில் வதிகிறவர்களுக்கே.

கேள்வி: கனடாவுக்குப் போக வசதியில்லை. தாத்தா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் பிடித்ததாகச் சொல்வார். தை மாதக் குளிரில் ஹோட்டன் சமவெளிக்குத் தூண்டிலோடு போகலாமா?
– மட்டக்குளி வாசகர்

தாத்தா சொன்னது உண்மை. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டில் ரெயின்போ வகை மலைநாட்டு ஓடைகளில் தங்கிவிட்டது. கடல் மட்டத்துக்கு 2,100 மீற்றருக்கு மேலே உள்ள ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அது இருக்கிறது. ஆனால் 1988 முதல் அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி கையில் இல்லாமல் தூண்டில் தடியை உள்ளே கொண்டுபோக வேண்டாம். வெளியே தோட்ட ஓடைகளிலும் காணிக்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

தூண்டில் இல்லாமலும் போகலாம். கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ இறங்கி, விடியற்காலை வாசல் திறக்கும் நேரத்துக்குப் போனால், தை, மாசியில் புல் நுனியில் உறைபனி இருக்கும். ஓடையின் மேல் நிழல் விழாதபடி கீழ்நீரோட்டப் பக்கத்தில் நின்று, கல்லுக்குப் பின்னால் நீர் மெதுவாகும் இடத்தைப் பாருங்கள். ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்துக்கு எதிர் முகமாக நிற்கும், அதனால் பின்னாலிருந்து வருகிறவரைக் காணாது.

தூண்டிலைக் கையில் பிடித்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் ஊரிலேயே களனி கங்கை கடலோடு சேரும் இடம் இருக்கிறது. மார்கழி முதல் பங்குனி வரை மேற்குக் கடல் அமைதி. உப்பு நீரில் பாவித்த ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்குக் கனடா போகிறோம். அன்றைக்கே ஏரிக்குப் போகலாமா? துளையில் பூ விடலாமா? கொஞ்சம் அஸ்தியும் இருக்கிறது. பிடிக்கும் மீனை விடுவதா, சமைப்பதா?
– கொழும்பு 13 வாசகர்

திவசத்தன்று வீட்டில் சைவம், அன்று தூண்டில் வேண்டாம். முதல் நாளோ அடுத்த நாளோ போங்கள். திதி இடத்துக்கு இடம் மாறும். கொழும்புப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்காமல், அங்கே கிரியை செய்யும் ஐயரிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூ என்றால் நாலைந்து இதழ் போதும். மாலையை நூலோடும் சரிகையோடும் விட வேண்டாம். கற்பூரத்தைத் தகரத் தட்டில் ஏற்றித் தட்டையும் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஒன்ராறியோவில் அரச நிலத்திலும் அதன் நீர்நிலைகளிலும் தனியாள் அஸ்தி கரைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஐஸ் துளையில் மட்டும் செய்யாதீர்கள். துளை நீர் சில நிமிடத்தில் உறையத் தொடங்கும், சாம்பல் விளிம்பில் ஒட்டி நிற்பதைப் பார்க்க மனம் தாங்காது. ஐஸ் உருகிய பிறகு, அங்குள்ள உறவினர் படகிலோ துறையிலோ இருந்து செய்யட்டும்.

விடுவதா வைப்பதா என்பதைத் தூண்டில் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். விடுவதென்றால் கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசித்து விடுங்கள், மீனைத் துளை நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். −10 பாகைக் காற்றில் கண்ணும் செவுளும் நொடிகளில் உறையும். பனியில் போட்டுப் படம் எடுத்துவிட்டு விட்ட மீன் நீந்திப் போனாலும் பிழைப்பது நிச்சயமில்லை.

வைப்பதென்றால் திவசம் முடிந்த மறுநாள் சொதி வையுங்கள். 350 கிராம் அளவில் இரண்டு ரெயின்போ நாலு பேருக்குக் காணும். செதில் மிகச் சிறியது, உரிக்கத் தேவையில்லை. உப்பும் தேசிக்காயும் போட்டு வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். முள்ளந்தண்டோடு ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புக் கோட்டைப் பெருவிரல் நகத்தால் வழித்தெடுக்காவிட்டால் கசக்கும். இரண்டாம் பால் இரண்டு கோப்பையில் சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பச்சை மிளகாய் நாலு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு போட்டு எட்டு நிமிடம் கொதிக்க விட்டு, அதன்பின் மீன். பாரை, விளைமீன் மாதிரிப் பன்னிரண்டு நிமிடம் விட்டால் ட்ரவுட் கரைந்துவிடும். ஐந்தாறு நிமிடம் போதும், அகப்பை போடாமல் சட்டியைச் சுழற்றுங்கள். முதற்பால் ஒரு கோப்பை விட்டு நுரை கட்டும்போது இறக்கி, அதற்குப் பிறகுதான் தேசிக்காய்ப் புளி.

பிடிபட்டது லேக் ட்ரவுட் என்றால் கொழுப்பு கூட, சொதியைவிடப் பொரியலுக்கு நல்லது. பெரிய, வயதான மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். சிறியதை வைத்துப் பெரியதை விடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு பிள்ளையோ இருந்தால், மாகாண அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியில் அந்த ஏரியின் பெயரையும் மீனின் நீளத்தையும் பார்த்த பிறகே பரிமாறுங்கள்.